காலிதீன் உஸ்தாதின் முன்னறை

மருதமுனைக் காலிதீன் உஸ்தாதிடம் யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல வந்தவனை அவர் பேச விட்டதில்லை. இளந்தாரியாக லக்னோவுக்குப் போய் ஆறு வருஷம் தபேலா படித்துவிட்டு வந்தவர். பாடகர் தாளம் தப்பினால் மேடையிலேயே வாசிப்பை நிறுத்திவிட்டு, "தம்பி, பாட்டு அங்க போகுது, நீங்க இஞ்ச நிக்கிறீங்க" என்பார். தன் கையில் அவ்வளவு நம்பிக்கை. அது வெறும் வாய்வீச்சும் அல்ல. கல்முனையில் இன்றைக்குத் தபேலா தொடுகிறவர்களில் பாதிப்பேர் அவருடைய முன்னறையில் படித்தவர்கள்.

அந்த நம்பிக்கை ஒரே ஒரு தடவை ஆட்டம் கண்டது. எண்பத்திரண்டாம் வருஷம், மகள் பரீனாவைப் பார்க்கச் சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். இந்தக் கிழக்கிலங்கைக் கரையில் பெண்ணோடு வீட்டையும் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வந்து வாழப்போவது பெண்ணின் வீட்டில்தானே. காலிதீனும் வழக்கப்படி வீட்டை மகள் பேரில் எழுதி முடித்திருந்தார்.

மாப்பிள்ளையின் மாமா கச்சிமுகம்மது முன்னறையில் தபேலாக்களைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"மாப்பிள்ள பள்ளிக்கூடத்து வாத்தியார். நாலு பேர் வந்து போற வீடு. முன்னறைக்குள்ள கொட்டுச் சத்தம் சரிவராது, காக்கா."

வேறு நாளென்றால் கச்சிமுகம்மது நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார். அன்றைக்கு, நல்ல சம்பந்தம் கைநழுவிவிடுமோ என்ற பயம் உஸ்தாதைப் பிடித்துக்கொண்டது.

"ஓம், நான் இனித் தொடமாட்டன். நாளைக்கே எடுத்துருவன்."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து பரீனாவின் குரல் வந்தது. பெண் பார்க்கிற இடத்தில் பெண் வாய் திறப்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம்.

"வாப்பா, ஆரக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க? வீடு எண்ட பேருலதானே இரிக்கி. தபேலா அங்கதான் இரிக்கும். அது வேணாமெண்டா இந்தக் கலியாணமும் வேணாம்."

காலிதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. கை வீட்டை எழுதிக்கொடுத்த பிறகும், வாய் மட்டும் இன்னும் வீட்டுக்காரராகவே பேசியிருக்கிறது.

கச்சிமுகம்மது எழும்பிவிட்டார். மாப்பிள்ளையின் தாய் மைமூனா எழும்பவில்லை. அவரும் தாய் எழுதிக்கொடுத்த வீட்டில் வாழ்கிறவர்.

"இரிங்க. வீட்டுக்காரி செல்லிட்டா. இனி நாம என்னத்தக் கதைக்கிற? கலியாணத்துக்கு நாளப் பாருங்க."

நாள் குறித்தார்கள். வந்தவர்கள் போன பிறகு காலிதீன் மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"மகள், அவங்க எழும்பிப் போயிருந்தா?"

"மாப்பிள்ள வேற வரும், வாப்பா. உங்கட இந்தத் தபேலாக் கைக்கு நான் வேற எங்க போற?"

எத்தனையோ சபைகளில் கைதட்டு வாங்கிய மனிதர், மகளுக்கு முன்னால் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.