தாணுப்பிள்ளை உட்காராத நாற்காலி

பள்ளிக்கூடத்து வாசலைக் கடக்கும்போதெல்லாம் வண்டியை விட்டு இறங்கி நடக்கிற வண்டிக்காரனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? திருவனந்தபுரத்தில் நான் ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் பெயர் தாணுப்பிள்ளை. சுசீந்திரத்துப் பக்கத்துக்காரர். கரமனையில் குடியிருந்துகொண்டு ஒரு வில்வண்டியும் இரண்டு காளைகளும் வைத்துப் பிழைத்தார். மாதக் கூலிக்கு நாலைந்து வீட்டுப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கன்னியர் மடத்துப் பள்ளிக்குப் போவார். வழியில் எந்தப் பள்ளி வந்தாலும், அது ஓலைக் கூரைப் பள்ளியாக இருந்தாலும் சரி, முன்பலகையிலிருந்து குதித்து, மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்து, வாசலைத் தாண்டும்வரை நடந்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார்.

ஏன் ஓய் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ள சாறுமாரு நின்னுட்டில்லா படிப்பிக்கியாவ? நான் குத்தி இருந்துட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அவருக்கு இரண்டு வகுப்புக்கு மேல் படிப்பு கிடையாது. கையெழுத்துப் போடுவார், அதற்கே நெற்றி வியர்த்துவிடும். ஆனால் படிப்புச் சொல்லித் தருகிறவர்கள் முன்னால் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கூன் விழாத முதுகு, தோளில் துண்டாக ஒரு துவர்த்து முண்டு, வாய் நிறைய வெற்றிலை, அதிகம் பேசாத சுபாவம். எனக்குப் பேசாத ஆண்களைப் பிடிக்கும். உலகத்தில் அவர்கள் ரொம்பக் குறைவு.

நான் யார் என்று சொல்லவில்லையே. சுசீலாபாய். மார்த்தாண்டத்துக்காரி. திருவனந்தபுரத்தில் குன்றின்மேல் அப்போது ஒரு பெண்கள் கல்லூரி இருந்தது. இப்போது அது இல்லை, ஆகவே பெயர் எதற்கு. அதன் விடுதியில் நான் மேட்ரன். பிரின்சிபால் ஒரு இங்கிலீஷ் மதாம்மா. விடுதி வேலை போக, அவருக்குத் தமிழும் மலையாளமும் சொல்லிப் புரியவைக்கிற வேலையும் என் தலையில்தான்.

தாணுப்பிள்ளைக்கு ஒரே மகள், மங்கலம். தாய் இல்லாத பிள்ளை. சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்தாள். மடத்துப் பள்ளிக்குப் போகும் வழியில்தான் அதுவும் இருந்தது என்பதால் அவளை முன்பலகையில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவார். வண்டிக்குள்ளே மெத்தையில் மடத்துப் பள்ளிப் பிள்ளைகள், பலகையில் இவள். உள்ளே அவர்கள் இங்கிலீஷில் வழக்கடிப்பார்கள், பாடம் ஒப்பிப்பார்கள், கன்னியாஸ்திரீகளைப்போலப் பேசிக் கேலி செய்வார்கள். இவள் காளைகளின் வாலைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் உள்ளே வைத்திருப்பாள். அப்படிப் பத்து வருஷம். அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததில் பாதிப் பங்கு அந்த வண்டிக்குத்தான். பதிலுக்கு இவளும் ஒன்று செய்தாள். உள்ளே இருந்த விஜயலக்ஷ்மி என்கிற ஐயர் வீட்டுப் பெண்ணுக்குக் கணக்கு மண்டையில் ஏறாது. மங்கலம் திரும்பிப் பார்க்காமலே, பலகையில் இருந்தபடி, அவளுக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போவாள்.

முப்பத்தைந்தாம் வருஷம் இருவரும் இ.எஸ்.எல்.சி. தேறினார்கள். மங்கலம் அவள் பள்ளியில் முதல். விஜயலக்ஷ்மியும் தேறினாள், கணக்கில் தட்டுத்தடுமாறி. இரண்டு பேரும் எங்கள் கல்லூரியில் இண்டர்மீடியட்டுக்கு மனுப் போட்டார்கள். பெண்பிள்ளை பி.ஏ. படித்து டீச்சராக வேண்டும் என்பதுதான் தாணுப்பிள்ளைக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை. அதற்காக அவர் மறுகல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை.

எங்கள் மதாம்மா மார்க்கை மட்டும் பார்த்து யாரையும் சேர்க்கமாட்டார். ஒவ்வொரு பெண்ணையும் தன் அறைக்குள் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார். அதில் தப்பு இல்லை. வகுப்பெல்லாம் இங்கிலீஷில், பேசுவது புரியாத பிள்ளை நடுவில் நின்று திணறும். எல்லாருக்கும் அதே நாற்காலி, அதே கேள்விகள். இதைவிட நியாயமாக ஒருத்தி நடக்க முடியாது என்றுதான் அவர் நம்பினார். அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அது மடத்துப் பள்ளியில் வெட்டின கோல் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்குப் பெயர் கூப்பிட்டு உள்ளே அனுப்புகிற வேலை எனக்கு. அறைக்கு அரைக்கதவு. கதவுக்குக் கீழே கால்கள் மட்டும் தெரியும். மடத்துப் பிள்ளைகள் உள்ளே போன உடனே நாற்காலி கிறீச்சிடும். பூட்ஸ் போட்ட கால்கள் இரண்டு நாற்காலியடியில் சேர்ந்திருக்கும். சிரிப்புச் சத்தம் கேட்கும். மங்கலம் போனாள். நாற்காலிச் சத்தமே இல்லை. செருப்பில்லாத இரண்டு பாதங்கள், தரையில் ஒட்டினாற்போல, கடைசிவரை அப்படியே நின்றன. எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. ஏன் படவேண்டும்? நானாக இருந்தாலும் நின்றிருப்பேன்.

வெளியே வந்தவள் முகம் வெளுத்திருந்தது. என்ன கேட்டார்கள் என்றேன். "ஒண்ணும் அறிஞ்சுகூடா மேட்ரன் அம்மா. மதாம்மாவுக்கு என்மேல கோவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பெயர்களை ஒட்டினோம். முப்பது பேர். விஜயலக்ஷ்மி இருந்தாள். மங்கலம் இல்லை.

வண்டியில் திரும்பும்போது விஜயலக்ஷ்மிதான் வெடித்தாளாம். "நேக்குக் கணக்குச் சொல்லித் தந்தவளுக்கு இடமில்லையாம், நேக்கு இருக்காம்! இதென்ன நியாயம் தாணு? போய்க் கேளுங்கோ!" என்று அழுதிருக்கிறாள். அந்தப் பெண் அழுதது எனக்கு இன்றைக்கும் மனசுக்குக் குளிர்ச்சி. எல்லாரும் சந்தோஷத்தில் பக்கத்தில் இருப்பவரை மறந்துபோகிற நாளில் அவள் மறக்கவில்லை.

பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டு அவர் திரும்பி வந்தார். மங்கலம் வெளியே மாமரத்தடியில், வண்டிப் பலகையிலேயே இருந்தாள். தாணுப்பிள்ளை என் முன்னால் வந்து நின்று துவர்த்தைத் தோளிலிருந்து எடுத்தார்.

"சீட்டு கேட்டு வரல்லம்மா. பிள்ளை என்ன தப்புச் செஞ்சான்னு அறியணும். கேட்டா அவளும் சொல்லமாட்டேங்கா. தப்பு எதுன்னு தெரிஞ்சா திருத்திக்கிடலாம் இல்லியா?"

சண்டைக்கு வந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். இதற்கு என்ன பேசுவது? அவரை மதாம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

மதாம்மா நல்ல மனுஷிதான். பார்த்தவுடன் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இவர் நின்றார். மறுபடியும் சொன்னார். இவர் இன்னும் கொஞ்சம் நேராக நின்றார். மதாம்மா நாற்காலியைத் தட்டியே காட்டினார். இவர் சிரித்தார், கும்பிட்டார், நின்றார்.

மதாம்மாவின் முகம் சிவந்தது. "நேற்று அந்தப் பெண்ணும் இதே போலத்தான்," என்றார் என்னிடம். "மூன்று முறை உட்காரச் சொன்னேன். மரம்போல நின்றாள். 'சிட் டவுன்' என்கிற இரண்டு வார்த்தை புரியாதவள் ஷேக்ஸ்பியரை எப்படிப் புரிந்துகொள்வாள்? அப்புறம் கேட்டதற்கெல்லாம் முணுமுணுப்புத்தான். இவருக்காவது அவருடைய பாஷையில் சொல்."

நான் சொன்னேன். "இரியும் பிள்ளே. மதாம்மா இரிக்கச் சொல்லுகா."

"வந்த உடனேயே அறிஞ்சாச்சே அம்மா," என்றார் அவர். "பிள்ளையளப் படிப்பிக்கியவங்க முன்னாடி நான் எப்படி இரிக்கது? நம்ம வீட்டுல அப்படி ஒரு வழக்கம் இல்லல்லா."

அதை நான் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பாதி வாக்கியத்தில், எனக்குப் பொட்டில் அடித்தாற்போல உறைத்தது. அரைக்கதவுக்குக் கீழே தெரிந்த அந்தக் கால்கள். மதாம்மாவுக்கும் உறைத்திருக்கவேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பெண்ணும் இதனால்தான் நின்றாளா?"

"பின்னே? சர்க்கார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் முன்னால் உட்கார்ந்தால் அது திமிர். தலைமை வாத்தியார் அறையில் பிள்ளைகளுக்கு நாற்காலியே கிடையாது. நீங்கள் மூன்று தடவை சொன்னதும் பயந்திருப்பாள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?"

மதாம்மா என்னையே பார்த்தார். "சுசீலா, நீயும் இந்த அறையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உனக்கு உட்காரப் பிடிக்காது என்று நினைத்திருந்தேன்."

"என் முட்டுவலியைக் கேட்டுப் பாருங்கள், பிடிக்குமா பிடிக்காதா என்று," என்றேன். கோபத்தில் வந்துவிட்டது. வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்தார். மங்கலத்தைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்து வாசலில் நின்றதும், உள்ளே வா என்று சொல்லாமல் தாமே வெளியே போனார். இரண்டு பேரும் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார்கள். முதல் சுற்றில் மதாம்மாவின் குரல் மட்டும் கேட்டது. அடுத்ததில் இரண்டு குரலும் கேட்டன. அதற்கப்புறம் மங்கலத்தின் குரல்தான். கன்னியாஸ்திரீகளைப் போலவே வளைத்து வளைத்து இங்கிலீஷ் பேசினாள். வண்டிப் பலகையிலிருந்து கேட்டுக் கற்ற பாஷை அல்லவா! மதாம்மா ஒரு இடத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். தாணுப்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை புரியாது அவருக்கு. ஆனாலும் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"பெண் கெட்டிக்காரி," என்றார் மதாம்மா திரும்பி வந்து. "ஆனால் வகுப்பில் நாற்காலி முப்பதுதானே இருக்கிறது?"

"அதனால் என்ன மதாம்மா," என்றேன் நான். "இவள்தான் உட்காரவே மாட்டாளே!"

அப்படித்தான் மங்கலம் சேர்ந்தாள். என் அறையில் இருந்த பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவளுக்கு வகுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு என் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துதான் காப்பி குடித்தேன்.

அன்றைக்கே மதாம்மா என்னிடம் இன்னொன்று கேட்டார். நேற்று வேறு யார் யார் நின்றார்கள்? கால்களை வைத்து எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு பேர், இரண்டுமே சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள். ஆள் அனுப்பினோம். நெய்யாற்றின்கரைப் பெண் ஓடி வந்தாள். அவளுக்குச் சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு முக்காலி கிடைத்தது. ஆற்றிங்கல் பெண்ணின் அப்பா, "இனி வேண்டாம், கல்யாணம் பேசியாச்சு" என்று சொல்லியனுப்பிவிட்டார். ஒரே ஒரு நாளில்! அந்தப் பிள்ளையின் பாதங்களில் மருதாணி இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. யாரிடம் போய்க் கோபப்படுவது?

மறுவருஷத்திலிருந்து மதாம்மா எல்லாப் பிள்ளைகளிடமும் வராந்தாவில் நடந்தபடியேதான் பேசினார். மடத்துப் பள்ளியிலிருந்து, இது என்ன புதுப் பழக்கம், எங்கள் பிள்ளைகளுக்குக் கால் வலிக்கிறது என்று புகார் வந்தது. வலிக்கட்டுமே!

மங்கலம் இண்டர்மீடியட் முடித்து, பி.ஏ., எல்.டி. எல்லாம் முடித்து, எங்கள் கல்லூரியிலேயே கணக்கு டீச்சராக வந்தாள். அதற்குள் தம்பானூரில் பஸ் வந்துவிட்டது. வில்வண்டிக்கு ஆள் இல்லை. தாணுப்பிள்ளை காளைகளை விற்றுவிட்டார். முட்டு தளர்ந்து, கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். மகள் வேலைக்குச் சேர்ந்த அந்த மாதத்திலேயே ஒருநாள், அவள் சொல்பேச்சுக் கேட்காமல், கரமனையிலிருந்து குன்றுவரை நடந்தே வந்துவிட்டார், கையில் ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடு.

நான்தான் அவளுடைய அறைக்குக் கூட்டிப்போனேன். சின்ன அறை. இரண்டு நாற்காலி. அதில் ஒன்று என் பழைய பிரம்பு நாற்காலி. அவள் அதை விடவேயில்லை.

மங்கலம் எழுந்து ஓடி வந்தாள். "இரிங்கப்பா. எதுக்கு நடந்து வந்திய?"

அவர் நின்றார். கால் நடுங்கியது, கம்பு நடுங்கியது, நின்றார்.

"அப்பா, நானாக்கும். இரிங்க."

"நீதான் மக்ளே," என்றார் மெதுவாக. "ஆனா இப்போ நீ டீச்சர் இல்லியா? எப்படி இரிக்கது?"

அப்பா நிற்கும்போது மங்கலத்தாலும் உட்கார முடியாது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். மேஜைமேல் நான் கொண்டுவைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பனும் மகளும் நின்னே பிராணனை விடப்போறியளா?" என்று சத்தம் போட்டேன்.

அவள் அப்பாவின் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படியில், இடது ஓரமாக ஒதுங்கி, வெறும் கல்லில் தான் முதலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, அதைக் கையால் தட்டினாள். வண்டியில் முன்பலகை எவ்வளவு அகலமோ அவ்வளவு இடம்தான். தாணுப்பிள்ளை அவளையும் அந்த இடத்தையும் பார்த்தார். பிறகு துவர்த்தைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, கம்பைச் சாத்திவிட்டு, மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் காளைகள் இருக்கவேண்டிய திசையைப் பார்த்தபடி பழம் தின்றார்கள்.

உள்ளே நாற்காலிகள் இரண்டும் காலியாகக் கிடந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறின காப்பியை எடுத்துக்கொண்டு, ஒன்றில் நான் உட்கார்ந்தேன். என் நாற்காலிதானே.