துட்டி கேட்க ஆள் வராத வருடம்

“…அங்க அது லிப்டுல ஏறி வந்துது, இங்க துட்டி கேக்க வந்துது. அதுக்கு நீ என்னட்டி செய்வ?” என்று அக்கா கேட்டாள். கேட்டது எதிர்வீட்டு மதினியிடம். அக்கா எங்கள் வராந்தாவில் நின்றாள். மதினி கேட்டுக்கு வெளியே, தெருவில், மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டபடி நின்றாள். கொரோனாவின் இரண்டாவது அலை அடித்து ஓய்ந்த வருடம், ஆவணி மாதத்தில் ஒரு காலை. கொட்டாரம் ஊருக்குப் பக்கத்தில், வயலை ஒட்டிய சின்னத் தெரு எங்களுடையது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் அக்கா அடுத்துச் செய்தது உங்களுக்குப் புரியும்.

அந்த வருடக் கோடையில் அக்கா சென்னையில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மேல்மாடியில் இருந்தாள். அத்தான் ரொம்பக் கவனமான மனிதர். கத்தரிக்காயைக்கூட சோப்புத் தண்ணீரில் முக்கி எடுப்பார். ஒரு நாள் மாத்திரை வாங்கக் கீழே இறங்கி, லிப்டில் திரும்பி வந்தார். கூட ஏறியவர் யாரென்று இவருக்குத் தெரியாது. அவருக்கும் இவரைத் தெரியாது. “பட்டன்ல இருந்துதா, பக்கத்துல நின்னவன் இருமினதுல வந்துதா, இண்ணைக்கு வரைக்கும் தெரியாது மக்கா” என்பாள் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை. மகன் வளைகுடாவில் விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டான்.

குடியிருப்பில் யாரோ தினமும் சாப்பாட்டை வாசலில் வைத்து, மணியடித்துவிட்டுப் போனார்கள். நல்ல மனசுதான். ஆனால் அக்கா கதவைத் திறக்கும்போது வாசலில் ஆள் இருக்காது. “யாரு வச்ச ரசம்னு தெரியாமலே குடிச்சேன்லே. நல்லா இருக்குன்னு சொல்லக்கூட ஆளில்ல.”

சாவு வீட்டுக்குப் போய், கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வருவதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். அப்படிக் கேட்டுவிட்டுப் புறப்படும்போது “வாறேன்” என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். நேரில் அது எளிது. போனில் என்ன செய்வது? உறவுக்காரர்கள் அக்காவுக்குப் போன் போடுவார்கள், அழுவார்கள். அப்புறம் எப்படி முடிப்பதென்று தெரியாமல் சும்மா இருப்பார்கள். அக்காவும் வைக்க மாட்டாள். ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு நாள் நான் வாய் தவறி, “அப்போ வாறேன்க்கா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அக்கா மெதுவாக, “வாயேன்லே” என்றாள்.

எங்கே போக? ஊரடங்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த நேரத்தில் எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு வீடு காய்ச்சல்.

முதல் வருடம் முழுக்க இதை நாங்கள் டவுன்காரர்களின் சீக்கு என்றுதான் நினைத்திருந்தோம். நான் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப்பேச்சு எல்லாம் அரிசி, பருப்போடு சேர்ந்து என் கடைக்கு வந்துவிடும். “இங்க அடிக்க வயக்காத்துல கொரோனா நேரே கடல்ல போய் விழும்” என்று சிரித்தவர்கள் உண்டு. அடுத்த கோடையில், அதே இரண்டாவது அலை நேரத்தில், மதினியின் மாமியார் வயதாகி இறந்துபோனார். துட்டிக்கு இத்தனை பேர்தான் கூடலாம் என்று போலீஸ் சொன்னது. நம் ஆட்கள் கேட்பார்களா? கூட்டமாக வராமல் முறை வைத்து வந்தார்கள். களியக்காவிளையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் மெயின் ரோட்டை விட்டு, வயல்வரப்பில் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் மாஸ்க்கோடுதான் உள்ளே போனார்கள். ஆனால் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும்போது எல்லா மாஸ்க்கும் தாடைக்கு இறங்கிவிட்டது. “வாயை மூடிக்கிட்டு அழுதா செத்தவளுக்குக் கேக்குமா?” என்று ஒரு அத்தை கேட்டதை நானே காதால் கேட்டேன்.

அந்த வாரமே தெரு படுத்துவிட்டது. சென்னையில் யாரிடமிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இங்கே எல்லாருக்கும் தெரிந்தது. யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள், யார் வீட்டில் யார் காப்பி குடித்தார்கள் என்று விரல் மடக்கிச் சொல்லிவிடலாம். “நம்ம ஊர்ல அதுக்கு பஸ்ஸே வேண்டாம், சொந்தக்காரன் வீடு வீடா நாமளே கொண்டு விட்டுருவோம்” என்றார் கடைக்கு வந்த ஒருவர். சிரித்தோம். ஆனால் விரல் மடக்கினால் கடைசி விரல் மதினி வீட்டில்தான் போய் நிற்கும். “அந்தத் துட்டி வீடு” என்றே பெயர் வந்துவிட்டது.

அந்தக் காய்ச்சலில் மதினியின் கணவரும் போனார். அவருக்குத் துட்டி கேட்க ஒருவரும் போகவில்லை. பயம் பாதி, கோபம் பாதி. நாங்களும் படுத்துக் கிடந்தோம். எழுந்த பிறகும் போகவில்லை. மதினி கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். வேண்டியதைப் போனில் சொல்வாள். பையைக் கேட்டில் மாட்டிவிட்டு வருவேன்.

ரயில் ஓடத் தொடங்கியதும் அக்கா வந்தாள். ஊசி இரண்டும் போட்டாயிற்று, சோதித்தும் பார்த்தாயிற்று. யாராவது வந்து சேர்த்துப் பிடித்து அழ மாட்டார்களா என்றுதான் அத்தனை தூரம் வந்தாள். தெருக்காரர்கள் வந்தார்கள். தள்ளி நின்றார்கள், “என்ன செய்ய மக்கா” என்றார்கள், வாழைக்குலையை வராந்தாவில் வைத்தார்கள், போனார்கள். ஒருவரும் படியேறவில்லை. சாயங்காலம் அக்கா அந்தக் குலைகளைப் பார்த்துக்கொண்டே, “இங்கயும் மணியடிச்சிட்டுத்தான் போறாவ, என்னா?” என்றாள்.

மறுநாள் காலையில்தான் மதினி வந்தாள். அக்காவோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவள். எதிர்வீட்டு அண்ணனுக்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கேட்டைக்கூடத் தொடவில்லை.

“நான் உள்ள வரல்லட்டி. என் வீட்ல இருந்துதான் ஊருக்கே போச்சுன்னு சொல்லுகாவ. உன் மொகத்த ஒண்ணு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அப்போதுதான் அக்கா லிப்ட்டையும் துட்டியையும் சொன்னாள். மதினி தலையை ஆட்டினாள், ஒத்துக்கொள்ளவில்லை.

“ஏழாம் கிளாசுல எங்கிட்ட இருந்து பொன்னுக்கு வீங்கி வாங்கிட்டுப் போனவதான நீ? ரெண்டு கன்னமும் பணியாரம் மாதிரி வீங்கிப்போய் இருந்தியே, அப்ப என்னய ஏசினியாட்டி?” என்றாள் அக்கா.

மாஸ்க்குக்குள்ளே மதினி சிரித்தது மாதிரி இருந்தது. சிரிப்பு அப்படியே உடைந்துவிட்டது. “அவருக்கு ஒருத்தரும் வரல்லட்டி” என்றாள்.

கணவனை இழந்தவள் வருடம் திரும்பும் முன் அடுத்த வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காவுக்கும் அது தெரியும். இன்று அந்த நோயைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு ஆஸ்பத்திரியோ ஊரடங்கோ ஞாபகம் வருவதில்லை. ஒரு மனுஷக் கைக்காக அவ்வளவு தூரம் ஏங்கி வந்த அக்கா, படியிறங்கி, கேட்டைத் திறந்து, மதினிக்கு முன்னாலேயே தெருவைத் தாண்டிப் போய், மாலை போட்டிருந்த எதிர்வீட்டு அண்ணனின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, “எண்ணே” என்று முதல் ஆளாகக் குரலெடுத்து அழுததுதான் ஞாபகம் வருகிறது.