மில் டீமா, பட்டாளத்து டீமா?

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் ஹாக்கி மேட்ச். ரயில்வே டீமுக்கும் பட்டாளத்து டீமுக்கும். யுத்தம் முடிந்தபிறகு இந்தப் பக்கம் நடக்கிற முதல் பெரிய மேட்ச். விடுவேனா? காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

"அம்பயர் வேலையத்தான் விட்டாச்சே... இன்னும் என்ன அங்கிட்டு?" என்று வீட்டில் கேட்டார்கள். விசிலைத்தான் விட்டேன், கிறுக்கை விடவில்லையே! அதை எப்படி விளக்கிச் சொல்வது? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மேட்ச் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது பாதியில் பட்டாளத்து டீமுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்னர் என்றால், கோல் கோட்டிலிருந்து ஒருவன் பந்தைத் தள்ளுவான். கோலுக்கு முன்னால் போட்ட வட்டத்தின் விளிம்பில் நிற்கிறவன் குனிந்து, அதை உள்ளங்கையால் நிறுத்துவான். அவன் கையை எடுத்த மறுகணம் பக்கத்தில் இருப்பவன் மட்டையை ஓங்கி அடிப்பான். ஜனங்கள் கை தட்டுவது என்னவோ அடித்தவனுக்குத்தான். நிறுத்தியவன் கை கொஞ்சம் நழுவியிருந்தால் கோல் ஏது, கைதட்டல் ஏது?

அன்றைக்கு நிறுத்தியவன் கை நழுவவில்லை. கோல்! மைதானமே எழுந்து நின்று கத்தியது.

எனக்கு நாலு ஆள் தள்ளி, கயிற்றோரம் ஒரு வாலிபன். எல்லோரும் கை தட்டுகிறார்கள், இவன் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். இடது கையால். வலது கை துண்டுக்குள் இருந்தது.

"அடைக்கலம்?" என்றேன்.

களவு செய்து பிடிபட்டவன் மாதிரி திடுக்கிட்டான். அப்புறம் சிரித்தான்.

"நல்லா நிறுத்துனான், பாத்தீங்களாய்யா?"

'நீ நிறுத்தியதைவிடவா?' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற நம்ம ஊர்க் கரி பஸ் தெரியுமல்லவா? ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும், இறக்கம் வந்தால் இருமும். எதிர் ஸீட்டில் கறம்பக்குடிக்காரர் ஒருவர், கடலை மண்டி வைத்திருப்பவர். அவரும் மேட்ச் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க வெவரம் தெரிஞ்சவுக. என் மகன் ஹாக்கியில கெட்டிக்காரன். சின்னதுலேருந்தே ஆடுறான். சென்னப் பட்டணத்து லீக்குல சேக்கலாமா? மில்லு டீமுல கேக்குறாங்க... ரயில்வேன்னா உத்தியோகமும் ஆச்சு. எதுல போட்டா பையன் மேல வருவான்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் அரை மணி நேரப் பிரசங்கம் தயாராக உண்டு. வருஷக் கணக்காக இந்த வாரப் பத்தியிலும் பண்ணிவருகிற பிரசங்கம். அன்றைக்கு அதை அவிழ்க்க மனம் வரவில்லை. பக்கத்தில் அடைக்கலம் உட்கார்ந்திருக்கிறானே!

அடைக்கலம் யார் என்று சொல்ல வேண்டும்.

குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பையன். அப்பா இல்லை, ஆத்தா மட்டும்தான். மானாவாரி நிலம் கொஞ்சம். வேப்பங்கிளையை வளைத்து மட்டை செய்துகொண்டு சரளைத் தரையில் ஆடி வளர்ந்தவன். சரளையில் பந்து நேராக வருமா? தவளை மாதிரி குதித்துக் குதித்து வரும். அதைக் கையால் நிறுத்தி நிறுத்தி அவனுக்கு ஒரு கை வாய்த்தது பாருங்கள்! எங்கிருந்து, எந்த வேகத்தில் பந்து வந்தாலும் அந்த உள்ளங்கைக்குக் கீழே போய்ச் செத்து விழும். புதுக்கோட்டை மைதானத்தில் முதல் தடவை பார்த்தபோது விசில் ஊத மறந்து நின்றேன்.

சரி, பையனை எங்கே அனுப்புவது? நம் சமஸ்தானத்துக்குள் இருப்பதே நாலைந்து டீம். அதே மூஞ்சிகள், அதே ஆட்டம். இங்கேயே கிடந்தால் பையன் ஊறுகாய்தான். பெரிய லீக் வேண்டும், நல்லவர்களோடு மோத வேண்டும்.

யுத்தம் மும்முரமாக இருந்த சமயம். இரண்டு பேர் வந்து கேட்டார்கள். ஒருவர் பட்டாளத்து சுபேதார். "எங்கள் பட்டாளத்துச் சாமான் டிப்போவில் டீம் இருக்கிறது, பெங்களூர்ப் பக்கம் லீக் ஆடுகிறோம், பையனைக் கொடுங்கள்" என்றார். இன்னொருவர் மதுரைப் பக்கத்து மில் ஒன்றின் டீம் மேனேஜர். "மில்களுக்குள் லீக் நடக்கிறது. காலையில் லேசான வேலை, சாயங்காலம் முழுக்க ஆட்டம்" என்றார்.

பையனும் ஆத்தாவும் என்னிடம் யோசனை கேட்டார்கள். "ஆட்டத்துக்குப் பட்டாளம்தான்" என்றேன். அந்த ஆத்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ரங்கூனிலிருந்து காடும் மலையுமாக நடந்தே வந்தவர்கள் எலும்பும் தோலுமாக ஊருக்குள் நுழைந்த நேரம் அது. பட்டாளம் என்றாலே பர்மா, பர்மா என்றாலே போனவர் திரும்பாத இடம். அந்தத் தாயிடம் போய் லீக்கைப் பற்றி என்ன பேச முடியும்?

பையனுக்குப் பட்டாளத்து மேலே ஆசை. ஆத்தாவுக்கு மில்தான் பிடிவாதம். கடைசியில் சாமியிடம் விட்டுவிட்டார்கள். பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

அய்யனார் கோயிலில் நானும் இருந்தேன். சிவப்பு அரளி வந்தால் பட்டாளம். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் மில். தனித்தனியாகப் பூவரச இலையில் வைத்து, வாழைநாரால் கட்டிக் கொண்டுவந்திருந்தாள் ஆத்தா. பூசாரி இரண்டையும் சாமி காலடியில் வைத்தார். யார் வீட்டுக் குழந்தையோ ஒன்று, ஒரு பொட்டலத்தை எடுத்தது. பிரித்தார்கள். வெள்ளை. இன்னொன்றைப் பிரிக்கக் கூடாது, அது வழக்கம். குளத்தில் போட்டுவிட்டார்கள். ஆத்தா விழுந்து கும்பிட்டாள். அடைக்கலம் மறுபேச்சில்லாமல் மில்லுக்குப் போனான்.

கொஞ்ச காலம் ஆட்டம் நடந்தது. அப்புறம் மில்லுக்குப் பட்டாளத்துக் காக்கித் துணி ஆர்டர் வந்து குவிந்தது. ஆடுகிற மைதானத்தில் பஞ்சுப் பொதிகளை அடுக்கினார்கள். மட்டைகளை அறையில் போட்டுப் பூட்டினார்கள். "ஆட்டத்தை யுத்தம் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்றார்களாம். ஹாக்கி ஆட வந்த பையன்களையெல்லாம் ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் மிஷினில் நிறுத்தினார்கள்.

பஞ்சைச் சீவுகிற மிஷின் ஒன்று உண்டு. உருளை முழுக்கக் கம்பிப் பல். பக்கத்தில் எங்கேயோ பஞ்சு சிக்கியிருக்கிறது. மிஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அது அவனுக்கும் தெரியும். ஆனால் தூக்கம் இல்லாத கண். பந்து வந்தால் அந்தக் கை யோசிக்காமல் போகும், பழகின கை. அன்றைக்குப் பஞ்சுக்கும் அப்படியே போய்விட்டது.

கட்டை விரல் மட்டும் மிச்சம்.

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு வருகிறேன். நான் வாயைத் திறக்காததைப் பார்த்து, அடைக்கலமே மண்டிக்காரருக்குப் பதில் சொன்னான்.

"டீமு பேரக் கேக்காதீங்கண்ணே. காலையில எந்திரிச்சதும் பையன் கையில எதக் குடுப்பாங்கன்னு கேளுங்க. மட்டையக் குடுத்தா விட்டுட்டு வாங்க. வேற எதையாச்சும் குடுத்தா... கையோட கூட்டிக்கிட்டு வந்துருங்க."

"அடடே, தம்பியும் ஆடுவீங்களோ?"

"ஆடுனேங்க."

பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. அடைக்கலம் அவசரமாகக் கம்பியைப் பிடிக்கப் போக, துண்டு விலகிவிட்டது. மண்டிக்காரர் பார்த்தார். அப்புறம் பொடி டப்பாவைத் திறந்தவர், கீரனூர் வரைக்கும் நிமிரவில்லை.

நாம் டீம் பார்க்கிற லட்சணத்தை நினைத்துப் பாருங்கள். பெண் பார்க்கப் போய், வீட்டு ஓடுகளை எண்ணிவிட்டு வருகிற கதைதான். சாப்பாடு போடுவார்களா, உத்தியோகம் நிலைக்குமா, பக்கத்து ஊரா என்று எல்லாம் கேட்கிறோம். பையன் அங்கே தினம் ஆடுவானா என்று மட்டும் கேட்பதில்லை. நானும் லீக், லீக் என்றுதானே பேசிக்கொண்டிருந்தேன்!

கீரனூர் நெருங்கும்போது அடைக்கலம் என் காதருகில் குனிந்தான்.

"அய்யா, கீரனூர்ல ஆத்தா நிக்கும். சந்தைக்கு வந்திருக்கு. மேட்சப் பத்தி வாயத் தொறந்துறாதீங்க. நான் கைக்கு மருந்து வாங்கப் போனதாத்தான் சொல்லியிருக்கேன்."

"ஏன்? மேட்ச் பார்த்தால் என்னப்பா?"

துண்டை இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டான். பிறகு சொன்னான்.

"ஆஸ்பத்திரியில என் கையப் பாத்துட்டுத் தரையில மண்டைய மண்டைய முட்டுச்சுய்யா. 'சாமிய ஏமாத்திட்டேன், சாமி ஒன் கைய எடுத்துக்கிருச்சு'ன்னு கத்துது. அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவத்தான் வச்சுக் கட்டியிருக்கு."

மண்டிக்காரருக்குக் கேட்டுவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன்.

"அன்னந்தண்ணி எறங்கல அதுக்கு. செத்துரும்போல இருந்துச்சு. அதான் ஒரு பொய்யச் சொன்னேன். அந்தப் பட்டாளத்து டீமு மொத்தமும் பர்மாவுக்குப் போயி, ஒருத்தனும் திரும்பலேன்னேன். நீ மட்டும் பூவ மாத்தலேன்னா இந்நேரம் நானும் மண்ணுக்குள்ளதான்னேன். அன்னிக்குத்தான்யா கஞ்சி குடிச்சுச்சு."

அந்த டீம் பர்மாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! டிப்போவிலேயே வைத்து, யுத்தம் முழுக்க அவர்களை ஆடவிட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் பதினோரு பேரும் என் கண் எதிரே ஓடினார்கள். அடைக்கலத்துக்கு என்று வைத்திருந்த இடத்தில் சேர்ந்த பையன்தான் அந்தக் கார்னரை நிறுத்தினான்.

கீரனூரில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி டிரம்மில் கரி போட ஆரம்பித்தார். கூடையை இடுப்பில் வைத்தபடி ஆத்தா ஜன்னலோரம் வந்தாள். இளைத்துப்போயிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"விசிலு ஊதுற அய்யாதானே? நல்லா இருக்கீங்களாய்யா?"

"இருக்கேன் ஆத்தா."

அடைக்கலம் இறங்கிக் கூடையை வாங்கிக்கொண்டான். அவன் இரண்டு எட்டு முன்னால் போகட்டும் என்று காத்திருந்தவள், குரலைத் தாழ்த்தினாள்.

"அய்யா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பட்டாளத்து டீமுல ஒத்தப் புள்ளகூட மிஞ்சலையாமே? எம் மகன் சொன்னான். என்னத் தேத்துறதுக்காகச் சொன்னானோன்னு மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு. நீங்க நாலு எடம் போய் வாறவுக. நெசந்தானாய்யா?"

அவன் திரும்பிப் பார்த்தான். கூடை அவன் இடது தோளில் இருந்தது.

"நெசந்தான் ஆத்தா" என்றேன். "ஒருத்தரும் மிஞ்சல."

ஆத்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பெரிய மூச்சு வந்தது.

"தலைக்கு வந்தது கையோட போச்சு" என்றாள். "பாவம், பெத்தவளுக எப்படித் தாங்குறாளுகளோ... வெள்ளிக்கெழம தோறும் அந்தப் புள்ளைகளுக்கும் சேத்து அய்யனாருக்கு ஒரு வெளக்கு ஏத்துறேன்யா. நம்மால வேற என்ன முடியும்?"

பஸ் கிளம்பிவிட்டது. தூரத்தில் இருவரும் ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போவது தெரிந்தது. மண்டிக்காரர் அதற்கப்புறம் என்னிடம் லீக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல வேளை.

ஊரையும் பேரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் நம் பக்கத்து டீக்கடையில் ஒருவர் பேப்பர் படித்தால் ஊரே கேட்கும், ஆத்தா காதிலும் விழும் அல்லவா?

தயவுசெய்து இந்த வாரம் மட்டும் மனசுக்குள் படியுங்கள்.