அழித்த சாய்கோடு

மனிதர் எழுதும் எல்லாக் குறிகளும் கணினிக்கு ஆகாது. கோப்பின் பெயரில் கேள்விக்குறி வரக்கூடாது, சாய்கோடு வரவே கூடாது. சாய்கோட்டைக் கண்டால் பெயரை அந்த இடத்திலேயே முறித்துவிடும். திருகோணமலையில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்காக, வீட்டு உறுதிகளை, அதாவது உரிமைப் பத்திரங்களை, ஸ்கேன் செய்து, வீதியின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயரிடும் நிரலை நான்தான் எழுதினேன். ஆகாத குறிகளையெல்லாம் ஒரே வரியில் துடைத்தெறிந்தேன். அந்த வரியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு காலை, துறைமுகப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுக்க வேண்டும். உறுதியைக் கறையான் தின்றுவிட்டது. உறுதி இலக்கமும் நினைவில்லை, அது இல்லாமல் வேறெங்கும் பிரதி எடுக்க முடியாது. எங்களிடம் இருக்கும் படம்தான் அவருக்குக் கதி.

வீட்டு இலக்கம் 12/3 என்றார். தேடினேன். வந்ததோ அதே வீதியின் மறுகோடியில் இருக்கும் 123ஆம் வீட்டின் உறுதி. கோட்டைத் துடைத்ததில் இரண்டு வீடுகளுக்கும் ஒரே பெயராகி, பின்னால் வந்தது முன்னதை அழித்திருந்தது.

"காணேல்லையோ பிள்ளை?"

"இருக்கும் அன்ரி. கொஞ்சம் இருங்கோ."

இருக்குமா என்று எனக்கே தெரியாது. ஸ்கேன் இயந்திரம் தன்பாட்டில் இலக்கமிட்ட மூலப்படங்கள் கணினியின் வேறொரு மூலையில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு அருகில் இருந்தார். வெளியே, இந்த ஊர்த் தெருக்களில் எப்போதும் திரியும் மான்களில் இரண்டு குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன.

"பன்னிரண்டு எங்கட அம்மான்ர வளவு, முழுக் காணியும். நாங்கள் நாலு பொம்பிளப் பிள்ளையள். மூத்தக்காவுக்குப் பழைய வீடு, அதுக்குக் கோடில்லை. மற்ற மூண்டு பேருக்கும் வளவைப் பிரிச்சுத்தான் கோடு போட்டது. நான் கடைக்குட்டி."

மத்தியானம் கழிந்துதான் உறுதி அகப்பட்டது. "ஓம், இதுதான்" என்று அவர் அழுதார். எனக்கும் கண் கலங்கியது, வெட்கத்தில்.

அன்றே நிரலைத் திருத்தினேன். சாய்கோடு இருந்த இடத்தில் இனிச் சிறு கிடைக்கோடு வரும். அதே பெயரில் வேறு கோப்பு இருந்தால் நிரல் அதன்மேல் எழுத மறுக்கும்.

எங்கள் வீட்டில் நான் மூத்தவள். என் வீட்டு இலக்கத்தில் கோடு கிடையாது. பின்வளவில் இருக்கும் தங்கச்சியின் இலக்கத்தில் உண்டு. நிரலை எழுதிய நாளில் முதன்முதல் அதைச் சோதிக்க என் இலக்கத்தைக் கொடுத்தேன், சரியாக வேலை செய்தது. நாள்தோறும் என் முற்றத்தால் போய்வருகிற அவளுடையதைக் கொடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.