சிவப்புப் பொட்டு வைத்த ரேடியோப் பலகைகள்

இந்த ஊரில் பாலை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பாட்டில், மூடி, அவ்வளவுதான். ஆளும் இல்லை, மாடும் இல்லை. நம்ம திண்டுக்கல்லில் மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து கறந்தாலும், முதலில் செம்பைக் கவிழ்த்துக் காட்டு என்போம். இங்கே யாரும் எதையும் சோதிப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, சோதிக்கிற வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்போது அறுபதுகளின் நடுப்பகுதி. என் வீட்டுக்காரருக்கு இங்கே, இங்கிலாந்தில், ஒரு நூல் மில்லில் வேலை. காலையில் அவர் வேலைக்குப் போனபின் அறையில் நான் தனி. பேச ஆளில்லாமல் சுவரோடு பேசினேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சுவர் தமிழில் பதில் சொல்லியிருக்கும். அந்த நேரத்தில்தான் பக்கத்து ரேடியோ கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். முதல் வாரம் பார்ப்பார்களாம். சரிப்பட்டால் வேலை, இல்லாவிட்டால் மறுபடியும் சுவர்.

வேலை இதுதான். உள்ளங்கை அகலத்தில் பழுப்புப் பலகை. அதன்மேல் ரேடியோவின் குடல், ஈரல் எல்லாம் செருகியிருக்கும். கலர் வளையம் போட்ட குட்டி உருளைகள், மிட்டாய் மாதிரி வில்லைகள். முன்னால் ஒரு மாதிரிப் பலகை. புதிதாக வருவதில் எது இடம் மாறியிருக்கிறது, எது தலைகீழாக நிற்கிறது, எது வரவேயில்லை என்று அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பந்தியில் இலையைப் பார்த்ததுமே உப்பு வைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறவளுக்கு இதில் என்ன கஷ்டம்? சூப்பர்வைசர் டோரிஸ் இரண்டு பெயிண்ட் டப்பாக்களைக் காட்டி நிறைய இங்கிலீஷ் பேசினாள். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. நல்லதற்கு ஒன்று, கெட்டதற்கு ஒன்று என்பது மட்டும் விளங்கியது. "ஓகே?" என்றாள். "ஓகே" என்றேன். என் இங்கிலீஷ் அதோடு தீர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாது.

எது எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை. திண்டுக்கல் பக்கம் அகரத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்த அன்று, அம்மா குங்குமச் சிமிழோடு போய் மோட்டாருக்குப் பொட்டு வைத்தாள், குழாய்க்கு வைத்தாள், அப்படியே சுவிட்சுப் பெட்டிப் பக்கம் திரும்பினாள். கரண்டுக்காரர் குறுக்கே பாய்ந்தார்.

"ஆத்தா, செத்த நில்லுங்க. இதுக்குப் பொட்டு வைக்கப் போயி, நாளைக்கு உங்க படத்துக்குப் பொட்டு வைக்கிற மாதிரி ஆயிரப் போகுது."

"அப்ப நீயே வையி அப்பு. புதுச் சாமான் மொட்டையா இருக்கப்புடாது" என்று அம்மா சிமிழை நீட்டினாள். அவரும் வைத்துவிட்டுத்தான் போனார்.

அந்த வீட்டுப் பெண் புதுப் பலகைக்கு என்ன செய்வாள்? சரியாக இருந்ததற்கெல்லாம் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. கோணல்மாணலுக்குக் கறுப்பு.

சாயங்காலத்துக்குள் கறுப்பு வைத்ததெல்லாம் அடுத்த மேசையில் ரேடியோவாகியிருந்தது. ஒன்றும் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கிணற்றில் விழுந்த பூனை மாதிரிக் கத்தியது. நல்லதெல்லாம் ரிப்பேர் மேசையில் குவிந்து கிடக்க, அங்கிருந்தவர்கள் குறை என்னவென்று தெரியாமல் விழித்தார்கள். என்னை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற வீட்டுக்காரரை டோரிஸ் உள்ளே கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, செவப்பு கெட்டதுக்காம்ல. என்னத்தப் பண்ணி வச்சிருக்க?"

"கெட்டதுக்கு எவளாச்சும் குங்குமக் கலர வைப்பாளா? நீங்களே கேளுங்க அந்தம்மாகிட்ட."

"வாய மூடு. வேல போயிரும்."

அந்தச் சுவர் என் கண் முன்னால் வந்து நின்றது. இங்கிலீஷ் இல்லாவிட்டால் என்ன, நெற்றி இருக்கிறதே. என் பொட்டைத் தொட்டுக் காட்டினேன். பலகையின் பொட்டைத் தொட்டுக் காட்டினேன். டோரிஸ் என் நெற்றியைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி நெற்றியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எழுந்து ரிப்பேர் மேசைக் குவியலைக் கிளறி, வாய் திறக்காத ரேடியோக்களையும் திறந்து பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னாள்.

"என்னங்க சொல்றா?"

"பிரிச்சதெல்லாம் சரியாத்தேன் இருக்காம். நாளைக்கு வரச் சொல்றா. கலர மட்டும் மாத்தி வைக்கணுமாம்."

மாற்றி வைத்தேன். கெட்டதற்குச் சிவப்பு வைக்க முதலில் கை கூசியது, பிறகு பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் இப்போது தொல்லை. பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று குங்குமம் வைத்தால், எனக்குள் இருக்கிற திண்டுக்கல்காரி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறாள். ரேடியோ கம்பெனிக்காரி செத்த நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எதுவோ இடம் மாறிச் செருகியிருக்கிறது, ரிப்பேர் மேசைக்கு அனுப்பு என்கிறாள். இரண்டு பேரையும் சமாதானம் செய்து கடைக்குக் கிளம்புவதற்குள் பஸ் போய்விடுகிறது.