ஜெபக்குழுவில் போன என் மகளின் ரகசியம்

கோபத்தோடுதான் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் என்னை மாற்றினார் என்பது உண்மை. ஆனால் போன ஜூலையில் நடந்ததை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. அதை மறைத்துவிட்டு அல்லேலூயா சொல்ல எனக்கு வராது.

நான் சுசீலா. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். வீடு மந்தைவெளி. கணவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் ஜெனி, பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். கல்லூரியில் படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. மாத்திரை சாப்பிடுகிறாள், நான்கு வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்து, நிச்சயத்துக்கு நாளும் குறித்திருந்தோம். மாப்பிள்ளையிடம் வலிப்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

"அந்த விஷயத்த அவர்கிட்ட நானே சொல்றேம்மா. ஞாயித்துக்கெழம பாக்கறோம், சொல்லிடறேன். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றாள் ஜெனி. சரி என்றேன்.

எனக்குத் தாங்கவில்லை. மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் வியாழக்கிழமையே ரூத் அக்காவிடம் சொல்லி அழுதேன். கே.கே. நகரில் இருக்கிறார், எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர். கணவர் போனபோது என்னைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். பதினைந்து வருடமாக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டவர்கள் நாங்கள். "நீங்க மட்டும் ஜெபிங்கக்கா, யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன்.

மறுநாள் கடையில் புடவை விரித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஜெபக்குழு வாட்ஸப்பில் ரூத் அக்காவின் குரல். "நம்ம சுசீலா பொண்ணு ஜெனிக்கு வலிப்பு கீது. நிச்சயத்துக்குள்ள பூரண சுகம் கெடைக்கணும். பாரத்தோட ஜெபிங்க சிஸ்டர்ஸ்." கீழே வரிசையாக ஆமென், ஆமென். அந்தக் குழுவில் மாப்பிள்ளையின் அத்தையும் இருக்கிறார். அவரும் ஒரு ஆமென் போட்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜெனி அழவில்லை. "என் வாயால கேட்டிருந்தா அவரு இன்னா சொல்லியிருப்பாரோ, அது எனக்குத் தெரியாமலே போச்சும்மா" என்றாள். ஒரே வாரத்தில் திருவான்மியூரில் ஹாஸ்டல் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். என் போனை எடுக்கவில்லை. நிச்சயத்துக்கு நான் கடையில் ஒதுக்கி வைத்திருந்த மயில்கழுத்துக் கலர் புடவையைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் வேறொரு கல்யாணப் பெண்ணுக்கு அதை நானே விரித்துக் காட்டினேன்.

ரூத் அக்கா வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "துரோகி! கூடவே இருந்து என் பொண்ணு வாழ்க்கைய நாசம் பண்ணிட்டியே!"

அவர் முகம் மாறவே இல்லை. "இன்னாடி பேசற? ஜெபத்துக்குத்தான போட்டேன்? நீயும் ஜெபத்துக்குத்தான எங்கிட்ட சொன்ன?"

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஜெபம்தான்: ஆண்டவரே, அவள் வாயை அடைத்துப்போடும். ஆராதனையில் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது, பிறரை நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களை மன்னியும் என்ற வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன். ரூத் அக்கா முன்வரிசையில் அதையே சத்தமாகச் சொல்வார். ஐந்து மாதம் இப்படியே போனது.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. அந்த வரி வந்தது, வாயை மூடினேன். நீயும் ஜெபத்துக்குத்தான எங்கிட்ட சொன்ன என்று அக்கா கேட்டது காதில் ஒலித்தது. அன்றைக்கு அதற்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதுதான் உறைத்தது. யாரிடமும் சொல்லாதே என்று ஜெனி கேட்டுக்கொண்டது என்னிடம்தானே? முதலில் அவளைக் காட்டிக்கொடுத்தது நான். அப்படியே உட்கார்ந்து தேம்பினேன். "என்னை மன்னியும், என் பிள்ளையை எனக்குத் திருப்பித் தாரும்" என்று மட்டும் கேட்டேன்.

ஆராதனை முடிந்ததும் நேராகத் திருவான்மியூருக்கு பஸ் ஏறினேன். ஜெனி ஹாஸ்டல் வாசலுக்கு இறங்கி வந்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

"ரூத் ஆன்ட்டியத் திட்டத்தான வந்த?"

"இல்லடி. நான்தான் பண்ணேன். நீ நம்பி சொன்னத நான்தான் வெளிய சொன்னேன். என்ன மன்னிச்சிடு."

"அவங்களத் திட்டித் திட்டியே எனக்கு மெசேஜ் போட்டுக்கினு இருந்த. ஒரு வாட்டியாவது இதச் சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேம்மா" என்று என் தோளில் விழுந்து அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். ஐயோ, அந்தக் கேள்விக்கு எனக்கு என்ன தகுதி இருந்தது?

அந்த வாரமே ரூத் அக்காவிடம் போய், உங்களை மன்னித்துவிட்டேன் என்றேன். "இன்னாத்துக்கு?" என்றார். இன்றுவரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. சம்பந்தமும் திரும்பி வரவில்லை. அவர் குரல் கேட்டால் எனக்குப் பழைய கோபம் வருகிறது; ஒவ்வொரு தடவையும் மறுபடி மன்னிக்கவேண்டியிருக்கிறது. "கல்யாணமே நின்னு போச்சு, உங்க சாமி இன்னாக்கா பண்ணாரு?" என்று கடையில் என்னோடு நிற்கும் பெண்கள் கேட்கிறார்கள். தப்பை ஒத்துக்கொள்ள வைத்தார், என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்கிறேன்.

இதையெல்லாம் உங்கள் முன் சொல்லலாமா என்று ஜெனியிடம் கேட்டுவிட்டுத்தான் நிற்கிறேன். "சொல்லிக்கோம்மா. ஆனா நீ பண்ணத முழுங்கிடாத" என்றாள். முழுங்கவில்லை. நம்பினவர்களே கைவிட்டுவிட்டார்கள் என்று நொந்து போயிருக்கிறீர்களா? இயேசுவிடம் வாருங்கள். உங்கள் பிள்ளை நம்பிச் சொன்னதை அவரிடம் மட்டும் சொல்லி அழுங்கள். அவர் யாரிடமும் சொல்லமாட்டார்.