ரிசப்ஷன் என்ற ஒரே பெயர்

அண்ணனின் காரியம் முடிந்த கையோடு, லாட்ஜில் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். செங்கம் ரோட்டில் பைக்கில் போனவன் வீடு திரும்பவில்லை. நான் ஒன்பதாவதோடு நின்றவள். கம்ப்யூட்டரில் ரூம் பதிவதை அங்கே வேலை பார்த்த மற்ற இரண்டு பேரும் சொல்லிக்கொடுத்தார்கள். யார் உட்கார்ந்தாலும் கம்ப்யூட்டருக்குள் போக ரிசப்ஷன் என்ற ஒரே பெயர்தான், ஒரே பாஸ்வேர்டுதான். அதை வைத்தவன் அண்ணன். எங்கள் பசுவின் பெயர். அடிக்கும்போதெல்லாம் அழுகை வரும்.

அந்தப் பௌர்ணமி சனிக்கிழமை சாயந்திரம் பிறந்து ஞாயிறு சாயந்திரம் முடிந்தது. ஆந்திராவிலிருந்து ஒரு குடும்பம் சனிக்கிழமையே கிரிவலத்துக்கு வந்து இறங்கியது. அவர்கள் ரூம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியிருந்தது. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் பௌர்ணமி என்று போட்டிருந்ததைப் பார்த்து யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஒரு ரூமும் காலியில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டியம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

யார் மாற்றியது என்று முதலாளி கேட்டார். இரண்டு பேரும் அண்ணனைச் சொன்னார்கள். நாங்கள் கிரிவலப் பாதையிலேயே இருக்கும் அடி அண்ணாமலை ஊர்க்காரர்கள். பௌர்ணமிக் கூட்டம் எந்த ராத்திரி நடக்கும் என்று எங்கள் வாசலுக்கே தெரியும். அவன் அப்படி மாற்றமாட்டான்.

கம்ப்யூட்டர் பார்க்கிறவர் வந்ததும், யார் என்று பார்த்துச் சொல்லும்படி கெஞ்சினேன். அவர் கறுப்புத் திரையில் தேடினார். மாற்றியது அண்ணன் உயிரோடு இருந்த வாரம். அன்றைக்கு அவனும் அந்த இரண்டு பேருமாக மூன்று பேருமே வேலையில் இருந்திருக்கிறார்கள்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுற லினக்ஸ் எல்லாத்தையும் குறிச்சு வெக்கும்மா. ஆனா மூணு பேரும் ஒரே பேர்ல உள்ள போனா, ரிசப்ஷன் பண்ணுச்சுன்னுதான் சொல்லும். ஆளுக்கொரு பேர் வெச்சிருந்தா ஆள் யாருன்னு தெரிஞ்சிருக்கும்."

அந்தக் குடும்பத்துக்கு முதலில் பதிந்ததைக் காட்டச் சொன்னேன். ஓரத்தில், 'வயசானவங்க, கீழ் ரூம்' என்றிருந்தது. அது அவன்தான். மலை சுற்றி வந்தவர்களை அவன் மாடி ஏற விடமாட்டான். தேதியை மாற்றியவர்கள் அந்தக் குறிப்பை அழித்துவிட்டு மாடி ரூம் போட்டிருந்தார்கள்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போனவன் பேர்லயே போவட்டும் உடும்மா. அவனுக்கு இனிமே இன்னா ஆவப்போவுது?"

அந்த இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் செத்த வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்து அழுதவர்கள்தான்.

கம்ப்யூட்டர்காரர் எங்கள் மூவருக்கும் தனித்தனிப் பெயர் போட்டார். அண்ணனுக்கும் ஒன்று போடுங்கள் சார் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. பழைய பெயரைப் பூட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பழக்க தோஷத்தில் ரிசப்ஷன் என்று போட்டு, பசுவின் பெயரை அடித்தேன். தப்பு என்றது. இன்னொரு தடவை அடித்தேன். எதிரில் ஒரு பெரியவர் வெறுங்காலோடு நின்றிருந்தார். என் பெயரில் உள்ளே போய் அவருக்குக் கீழ் ரூம் போட்டேன்.